வெதர்லி தோற்காத வருஷங்கள்

வெதர்லியில் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் பந்து உதைபடும் நிமிஷம் வரை ஊர்க்காரர்கள் எத்தனை பேர் சாகிறார்களோ, அந்த வருஷம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி அத்தனை ஆட்டம் தோற்கும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. 1931இல் அணி தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். அலபாமாவின் மற்ற ஊர்களில் கோடை வந்தால் யார் எத்தனை ஜெயிப்பார்கள் என்று ஆரூடம் சொல்லும் பத்திரிகைகளை வாங்கிவைத்துக்கொண்டு முடிவெட்டும் கடையில் சண்டை போடுவார்கள். வெதர்லிக்காரர்கள் அந்தக் காசை மிச்சம் பிடித்தார்கள். ஆர்வின் டில்லார்டின் சவ அடக்க நிலையத்து வாசலில் கறுப்பு வண்டி நிற்கிறதா என்று காரை மெதுவாக ஓட்டியபடி பார்த்துவிட்டுப் போனால் அவர்களுக்குப் போதும். உள்ளூர் வாரப் பத்திரிகை ஆகஸ்டு மாதத்தில் மட்டும் மரண அறிவிப்புகளை விளையாட்டுப் பக்கத்தில் போட்டது. யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவரின் வயசுக்கும் கணக்கு உண்டு. தொண்ணூறு தாண்டிய கிழவர் போனால் ஒரு புள்ளியில் தோற்பார்கள். 1958இல் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி ஆலைக் குளத்தில் மூழ்கிப்போனாள்; மார்வின் கல்லூரி அந்த வருஷம் நாற்பத்தேழுக்குப் பூஜ்யம் என்று வெதர்லியைத் துவைத்துக் காயப்போட்டது. அந்தப் பெண்ணின் தாய் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் சனங்கள் விலகி வழிவிட்டார்கள், ஆனால் அது அனுதாபத்தில் இல்லை. நவம்பரில் அந்த அம்மாள் வீட்டை விற்றுவிட்டு டென்னஸிக்குப் போய்விட்டார்.

தப்பிக்க வழி தேடாமலும் இல்லை. 1963இல் இழுத்துக்கொண்டிருந்த ஒருவரை உறவினர் வீடு என்று சொல்லி மாநில எல்லை தாண்டி ஜார்ஜியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் அங்கே செத்தார், அணி இங்கே தோற்றது. ஊரின் மிகச் சிறந்த வருஷம் 1949. பத்து ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்தார்கள். அந்த ஒன்றையும் கெடுத்தவர் ஒரு தபால்காரர். ஆகஸ்டு முப்பதாம் தேதி குளவி கொட்டிச் செத்தார். முப்பத்தேழு வருஷம் கழித்தும் அவர் கல்லறைமேல் ஒருவரும் ஒரு பூ வைத்ததில்லை. பத்துக்குப் பத்து என்பதை மட்டும் வெதர்லி கண்ணால் கண்டதே கிடையாது. நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒரு மாதம் முழுக்க யாரும் சாகாமல் இருப்பது நடக்கிற காரியமா?

1986இல் நடந்தது. அந்த ஆகஸ்டில் இருபத்தைந்து நாள் கழிந்தும் ஒரு சாவு விழவில்லை. ஊர் சத்தம் போட்டுப் பேசுவதை நிறுத்திக்கொண்டது. கிழவர்களைப் படி இறங்கவிடவில்லை, வெயிலில் புல் வெட்டவிடவில்லை, மீன் முள்ளை எடுத்துவிட்டுத்தான் தட்டில் வைத்தார்கள். டில்லார்ட் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஊர் முழுக்கத் தேடினாலும் சாகக் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மைதானக்காரர் ஹோய்ட் பர்செலின் மனைவி நெல்டா.

ஹோய்டுக்கு அப்போது வயசு அறுபத்தாறு. முப்பத்தோரு வருஷமாகக் கல்லூரி மைதானத்தில் புல் வெட்டி வெள்ளைக் கோடு போடுவது அவர் வேலை. கயிறு கட்டாமல் கண் அளவிலேயே நூறு கெஜ மைதானத்துக்குக் கோடு போடுவார். அளக்கிற சங்கிலியை வைத்துப் பார்த்தால் ஒரு விரற்கடை பிசகாது. நெல்டா இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்தவர். கணவர் வேலை பார்த்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. பேர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலையே இல்லை, ஆளின்மேல் ஆள் விழுவதைப் பார்ப்பதற்காக அடுப்பை அணைத்துவிட்டு வரமுடியாது என்பார். ஜூன் மாதம் டாக்டர் ஹேல் அவர் வயிற்றில் புற்று என்றும், அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். நெல்டா வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஹோய்டைத் திரும்பச் சொல்லி, அந்த ஈரக் கையையே பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொந்தக் கட்டிலில்தான் சாகவேண்டும், ஆஸ்பத்திரி கூடாது, மூக்கிலும் தொண்டையிலும் குழாய் கூடாது. ஹோய்ட் சரி என்றார். அன்றைக்கு அவர் சொன்னது மனசார.

ஆகஸ்டு இருபத்தேழு, புதன்கிழமை, இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். முதல் ஆட்டம் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. டாக்டரின் கார் தெருமுனை திரும்புவதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் வந்து வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்தார்கள். கோழிக்கறியும் சாதமும் சீஸும் கலந்து சுட்டது, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழப் புட்டிங் என்று எச்சில் விழுங்கவே முடியாத ஒரு பெண்ணின் சமையலறையில் சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பாத்திரம் சேர்ந்துவிட்டது. பயிற்சியாளர் ரக்கர் அணியோடு வந்து புல்தரையில் வட்டமாக மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார். கடைசியில் டில்லார்ட் வந்தார். ஊரில் அத்தனை பேரையும் குழிக்குள் இறக்கிய மனிதர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சாவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சினார்.

"மூணே நாள், ஹோய்ட். முப்பத்தோரு வருஷமா நீ கோடு போட்ட மைதானம்யா. கண்ண மூடுறதுக்குள்ள ஒரு தடவயாவது முழுசா ஜெயிச்சுப் பாக்க வேணாமா?"

ஹோய்டுக்கும் அந்த ஆசை இருந்தது. இதை மறைத்துவிட்டு ஊரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. மூன்று நாள் என்பது பெரிய விஷயமாக அவருக்குப் படவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவள், மூன்று நாள் கூடுதலாக இருந்தால் தனக்கும் நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டில்லார்ட் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் போடச் சம்மதம் என்ற காகிதம் முன்கூட்டியே தயாராக இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் கட்டிலை நெருங்கியபோது நெல்டா கண்ணைத் திறந்தார்.

"என்ன பண்ற, ஹோய்ட்?"

"சனிக்கிழம வரைக்கும்தான். அப்புறம் உன் இஷ்டம்."

"எனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

ஹோய்ட் மூன்று நாள்தான் என்று திரும்பச் சொன்னார். நெல்டா குழாயைப் பிடுங்க இரண்டு முறை கையைத் தூக்கியதால் இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. நோகாமல் கட்டவேண்டும் என்று ஹோய்டே கட்டினார்.

"இவ்வளவு காலம் உனக்கு ஆக்கிப் போட்ட கை," என்றார் நெல்டா. அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பந்தை உதைப்பதற்கு முன்னால், மிஸஸ் நெல்டா பர்செல் நம்மோடு இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெளியூர்க்காரர்களையும் சேர்த்து ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹோய்ட் மைதான ஓரத்தில் நின்று அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று சுற்றி இருந்தவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அதில் பாதி உண்மையும்கூட. அன்று இருபத்தெட்டுக்கு ஏழு என்று ஜெயித்தார்கள். சாயங்காலம் வாக்குத் தவறாமல் குழாய்களைக் கழற்றி, நெல்டாவை அவருடைய கட்டிலுக்கே கொண்டுவந்து விட்டார்கள். ஹோய்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் போவதற்காகக் காத்திருந்தார்.

நெல்டா போகவில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. நாடி நூல்போல ஓடிக்கொண்டே இருந்தது. வலி மட்டும் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இருந்த அதே அளவில், கூடாமலும் குறையாமலும் நின்றது. மருந்து எதுவும் அதைத் தொடவில்லை. மருத்துவத்தில் இதற்கு விளக்கம் கிடையாது என்று டாக்டர் ஹேல் சொல்லிவிட்டு இரண்டாவது ஆட்டம் பார்க்கப் போனார். விளக்கத்தை டில்லார்ட்தான் சொன்னார், தொழில் தெரிந்தவர் என்ற முறையில். இத்தனை வருஷமும் சாவு முன்னால் வந்தது, தோல்வி அதன் பின்னால் வந்தது. இந்தச் சாவை வாசலிலேயே மறித்துவிட்டோம். இனிமேல் அதன் தோல்வி வந்தால்தான் அது உள்ளே வரும். ஆனால் யாரும் சாகாததால் தோல்வியும் வராது. சொல்லி முடித்துவிட்டு டில்லார்ட் ஹோய்டின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்.

அன்றிலிருந்து, வெதர்லி தோற்க வேண்டும் என்று மண்டியிட்டு வேண்டிய ஒரே வெதர்லிக்காரர் ஹோய்ட் ஆனார். வேண்டியதோடு நிற்கவில்லை. எதிரணி ஓடிவந்து தொடவேண்டிய எல்லைக் கோட்டை அவர்களுக்குக் கிட்டத்தில் வரும்படி ஒரு கெஜம் முன்னால் தள்ளிப் போட்டார். அப்படியும் அவர்கள் அந்தக் கோட்டை எட்டவில்லை. மார்வினோடு ஆடுவதற்கு முந்தின நாள் மைதானத்தில் நாள் முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சேறாக்கினார். அந்தச் சேற்றிலும் மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். ஒருநாள் ரக்கரின் அறைக்கே போய், பத்தில் ஒன்றே ஒன்று, எதுவாக இருந்தாலும் சரி, தோற்றுவிடுங்கள் என்று கேட்டார். ரக்கர் கெட்டவர் இல்லை. எழுந்து வந்து ஹோய்டின் தோளில் கை போட்டு, அவருக்குத் தாங்கும் சக்தி கொடுக்கும்படி கர்த்தரிடம் கேட்டார். அப்புறம் சொன்னார்: "பசங்க ரொம்ப உழைச்சிருக்காங்க, ஹோய்ட். அவங்ககிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்ல?" வெதர்லி பத்துக்குப் பத்து ஜெயித்தது. நவம்பர் கடைசியில் ஊர்வலம் போனபோது பர்செல் வீட்டு முன்னால் பத்து நிமிஷம் நின்று வாத்தியம் வாசித்தார்கள்.

ஒருமுறை ருசி கண்டுவிட்ட ஊர் அப்புறம் சும்மா இருக்குமா? அடுத்த ஆகஸ்டில் சாகக் கிடந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் குழாய் போட்டார்கள், மூன்று பேரும் முதல் உதை தாண்டி நின்றார்கள், மூன்று பேரும் அப்படியே நின்றுபோனார்கள். அதில் ஒருவன் மர அறுப்பு ஆலையில் இயந்திரத்துக்குள் இழுபட்ட இருபத்திரண்டு வயசுக்காரன். காப்பாற்றியதற்காக அவன் தாய் டாக்டர் ஹேலின் கைகளை எடுத்து முத்தமிட்டாள். மூன்றாம் வருஷம் அதே தாய், என் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று அதே கைகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அதற்குள் ஊர் நாலு ஆம்புலன்ஸ் வாங்கியிருந்தது. ஆகஸ்டு முழுக்க ஒவ்வொரு நாளும் காலையில் சர்ச்சுப் பெண்கள் மூடிபோட்ட பாத்திரத்தோடு வீடு வீடாகக் கதவைத் தட்டி, எல்லாரும் எழுந்து நடமாடுகிறார்களா என்று தலையை எண்ணிக்கொண்டு போனார்கள். மற்ற பதினோரு மாதமும் சாகிறவர்கள் வழக்கம்போலச் செத்தார்கள். அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. சாகாமல் தாங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக மைதானத்தின் கிழக்குப் பக்கம் ஒரு நீளமான செங்கல் கட்டடம் கட்டி, அதற்கு ஆகஸ்டு இல்லம் என்று பேர் வைத்தார்கள். குளிர்சாதனம் உண்டு, கட்டிலுக்குக் கட்டில் அணியின் நிறத்தில் போர்வை உண்டு. வெளியூர் ஆரூடப் பத்திரிகைகள் வெதர்லியைத் தொடர்ந்து முதலிடத்தில் போட்டு, அனுபவம் வாய்ந்த அணி என்று காரணம் எழுதின.

நெல்டாவுக்கு ஜன்னலோரக் கட்டில். ஹோய்ட் தினமும் வேலை முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்காருவார். உதட்டைத் துணியால் நனைப்பார், காலைப் பிடித்துவிடுவார். நெல்டா நர்சுகளோடு பேசுவார், பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆசிரியையோடு பேசுவார், இவரோடு பேசமாட்டார். 1990இல் ஒரு சனிக்கிழமை, வெளியே கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு, யார் ஜெயித்தது என்று திடீரென்று கேட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு. 

"நாமதான்," என்றார்.

"நாமன்னு சொல்லாத," என்று சொல்லிவிட்டு நெல்டா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

1991 ஜூலையில் ஹோய்டுக்கு நெஞ்சில் வலி கண்டது. இடது தோளில் தொடங்கி முழங்கை வரை இறங்கும் வலி. அவருடைய அப்பாவும் அண்ணனும் இதே வலியில்தான் போனார்கள், ஆறு வாரத்துக்கு மேல் இரண்டு பேருமே தாண்டவில்லை. ஹோய்ட் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆகஸ்டில் வந்து நின்றது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷம் வந்தது. ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. நெல்டாவின் காதருகே மட்டும் குனிந்து, தான் ஆகஸ்டிலேயே போய்விடப்போவதாகவும், ஒரு தோல்வி வந்தே தீரும் என்றும், வரிசையில் முதலில் நிற்பது நெல்டாதான், அதனால் அந்தத் தோல்வி அவருக்குத்தான் என்றும் சொன்னார்.  நெல்டா தன் கையை எடுத்து அவர் கைமேல் வைத்தார்.

"யாரும் பாக்காத எடமாப் பாத்து விழு, ஹோய்ட்."

ஹோய்ட் இடம் பார்த்துவைத்தார். மைதானத்துக்கு வடக்கே பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம். அங்கே விழுந்தால் ஒரு நாளைக்கு யார் கண்ணிலும் படாது. கோடு போடும் இடத்திலிருந்து அறுபது எட்டு வைத்தால் போதும். ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து சர்ச்சுப் பெண்கள் கதவைத் தட்டினால், சிரித்துக்கொண்டு திறந்து, கொண்டுவந்ததை அவர்கள் முன்னாலேயே நின்று சாப்பிட்டுக் காட்டினார். மாடிப்படியில் விரைந்து ஏறி இறங்கினார். வலி வந்தால் புல்வெட்டும் வண்டியின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு முனகினார். ஆடிப் பாடி நடக்கிறார் மனிதர், எழுபத்தொரு வயசு என்று யார் சொல்வார் என்று ஊரே மெச்சியது.

இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை, முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், அது வந்தது. முப்பதாம் கெஜக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கோடு முடிந்திருந்தது. இதுதான் அது என்று உடனே தெரிந்துவிட்டது. வழக்கமான வலி இல்லை, நெஞ்சுக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்துவதுபோல இருந்தது. பைன் மரங்களைத் திரும்பிப் பார்த்தார். அறுபது எட்டு, நடந்துவிடலாம். ஆனால் பாதியில் நிற்கிற கோடு கண்ணில் பட்டது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கோட்டையும் அவர் பாதியில் விட்டதில்லை. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். இன்னும் இருபது எட்டுதானே. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இருபது எட்டையும் நடந்தார், கோட்டை ஓரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார், வண்டியை நிறுத்தினார், அங்கேயே விழுந்தார். மைதானத்தின் மறுமுனையில் கல்லூரி வாத்தியக் குழுவைச் சேர்ந்த நூற்றுநாற்பது பிள்ளைகள் அணிவகுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். வாத்தியங்களைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். நாலு ஆம்புலன்சும் நாலு நிமிஷத்தில் வந்துவிட்டன.

குழாயைப் பிடுங்கக் கை தூக்கியதால் அவர் மணிக்கட்டையும் கட்டவேண்டியதாயிற்று. டில்லார்டே வந்து, நோகாமல் கட்டினார். கணவன் மனைவியைப் பிரித்து வைப்பது அழகில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, ஆசிரியையின் கட்டிலை நகர்த்திவிட்டு, நெல்டாவுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டார்கள். இரண்டு கட்டிலுக்கும் சேர்த்து ஒரு ரிப்பன் கட்டினார்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஒலிபெருக்கியில் இருவர் பேரையும் சேர்த்தே சொன்னார்கள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. பந்து உதைபட்டதும் நர்சு வந்து ஹோய்டின் குழாயை எடுத்துவிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டு, மீதி ஆட்டத்தைப் பார்க்க வெளியே போனாள். நெஞ்சுக்குள் சாத்திக்கொண்டிருந்த கதவு முழுக்கச் சாத்தாமல் அப்படியே நின்றுவிட்டதை ஹோய்ட் உணர்ந்தார்.

"எங்க விழுந்த?" என்று கேட்டார் நெல்டா.

"முப்பதாம் கெஜத்துல."

"பைன் மரத்துக்கு ஏன் போகல?"

"கோடு பாதியில நின்னுச்சு."

 வெளியே கூட்டம் கத்தியது. வெதர்லி முதல் ஆறு புள்ளி எடுத்துவிட்டது. பத்தொன்பது கட்டிலில் ஒருவரும் தலையைத் திருப்பவில்லை.

"கோடு நேரா வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் ஹோய்ட்.

 அன்று முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம். அந்த வருஷமும் பத்துக்குப் பத்து.